மிசுகிசோவுக்கு வந்த தனி ஆள்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் கிழக்கு ஓரத்தில் மாடு வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு உலகம் என்பது தொழுவத்திலிருந்து கூப்பிடு தூரம். காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. மாட்டுக்குப் புத்தாண்டும் தெரியாது, பூப்பார்க்கும் திருவிழாவும் தெரியாது. மடி நிறைந்தால் கத்தும். மொரியோ அந்தக் கத்தலுக்கு எழுந்து அந்தக் கத்தலுக்கே படுத்தவர். கல்யாணமான நாள் முதல் அறுபத்தாறு வயது வரை ஒரு ராத்திரிகூட அவர் வெளியே தங்கியதில்லை.

தங்கப் பார்த்தது உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் அவரும் கினுயோவும் மலைக்குள் இருக்கும் மிசுகிசோ என்ற வெந்நீர் ஊற்றுச் சத்திரத்துக்குப் புறப்பட்டு, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டார்கள். அதற்குள் பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் துரத்திக்கொண்டு வந்தார். கிடாரி ஒன்றுக்குக் கன்று மாட்டிக்கொண்டதாம், பின்னங்கால்தான் முதலில் தெரிகிறதாம். புதுப்பெண் குதிகால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ரப்பர் பூட்ஸை மாட்டினாள். அன்று ராத்திரி இருவரும் கயிற்றைக் கட்டி அந்தக் கன்றை இழுத்துப் போட்டார்கள். தேனிலவு அத்தோடு முடிந்தது.

அந்தச் சத்திரத்தின் படம் ஒன்றைக் கினுயோ ஏதோ காலண்டரிலிருந்து கிழித்துப் பால் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். ஆண்டுதோறும் பனி விழ ஆரம்பித்ததும், "இந்த வருஷமாவது போவமா?" என்று கேட்பாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார் மொரியோ. அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை, படத்தைக் கழற்றவும் இல்லை. போன வசந்தத்தில், கொட்டிலில் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. ஒற்றை ஆளாக இலையுதிர்காலம் வரை இழுத்துப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கடைசி மாடும் லாரி ஏறிப் போயிற்று.

மறுநாள் காலை இருட்டிலேயே விழிப்பு வந்துவிட்டது. காலி கொட்டிலில் போய் நின்றார். கறக்க ஒன்றும் இல்லை. விடியற்காலையை என்ன செய்வது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அவருக்கு வந்த பயம் அவ்வளவுதான். ஆனால் அது லேசான பயம் இல்லை. இனி வரப்போகும் ஒவ்வொரு விடியற்காலையும் இப்படித்தான் இருக்கும் என்றால், எழுந்திருப்பது எதற்கு? இந்தக் கேள்வியோடு அவர் பால் அறைக்குள் போனார், படத்தைப் பார்த்தார், சத்திரத்துக்குப் போன் போட்டார். எத்தனை பேர் என்று கேட்டபோது வாய் தானாக "ரெண்டு பேர்" என்றது. வைத்த பிறகுதான் தப்பு புரிந்தது. திருத்தவில்லை.

சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் அவர் மிசுகிசோ வாசலில் இறங்கினார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒரு சின்னப் பை. உரிமையாளர் அம்மாள் இத்சுகோ படியில் முழங்காலிட்டுக் குனிந்து வரவேற்று, நிமிர்ந்து, அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"வீட்டம்மா பின்னால வர்றாங்களா?"

"இல்லைங்க. அவ வரமாட்டா. நான் மட்டும்தான்."

தனியாக வரும் ஆளைக் கண்டால் வெந்நீர்ச் சத்திரத்துக்காரர்களுக்குப் பயம். காரணம் இல்லாமல் இல்லை. இருக்கிற கடைசிக் காசில் ஒரு நல்ல குளியல், ஒரு நல்ல சாப்பாடு, அப்புறம் மலைக்குள் நடந்து போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டு வருகிறவர்கள் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. அதனால்தான் பல சத்திரங்களில் ஒற்றை ஆளுக்கு அறை காலி இருக்காது, காலியாக இருந்தாலும் இருக்காது. இத்சுகோவின் மாமியார் காலத்தில் மிசுகிசோவிலேயே அப்படி ஒன்று நடந்து, ஆற்றில் தேடியிருக்கிறார்கள். இப்போது இவரைத் திருப்பி அனுப்பலாம் என்றால் பஸ் இல்லை. இத்சுகோ சிரித்த முகத்தோடு செருப்பை எடுத்து வைத்தாள். உள்ளே ஒரு கணக்கு ஓடியது: இரண்டு பேர் என்று சொல்லிவிட்டு ஒருவர், சின்னப் பை, இறங்கிய கையோடு இரண்டு பேருக்கான பணத்தையும் கட்டிவிட்டார். போதாக்குறைக்கு ஒரு கேள்வி வேறு.

"விடியறதுக்கு முன்னாடி வாசக்கதவு திறந்திருக்குமாங்க?"

எதற்கு என்று அவள் கேட்டாள். சும்மாதான் என்றார் மொரியோ. சீக்கிரம் விழித்துவிடுவேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். புதுசாக வந்த இடத்தில் மாட்டுக்காரன் என்று காட்டிக்கொள்ள வேண்டாம் என்று பார்த்தார். அந்தக் கூச்சம் அன்றைக்கு ஒரு சத்திரத்தையே தூங்கவிடாமல் அடித்தது.

அறையைப் பார்த்துக்கொள்ளும் மசூமி ஐம்பது தாண்டியவள், வாயாடி. அவளை இத்சுகோ சமையலறைப் பக்கம் இழுத்து விஷயத்தைச் சொன்னாள். கண்ணை எடுக்காதே என்றாள். வெந்நீர்க் குழாய்களைக் கவனிக்கும் கிழவர் கன்ஜியையும் கூப்பிட்டுச் சொன்னாள். குளியலறைக்கு அவர் தனியாகப் போகக் கூடாது.

மொரியோ இதெல்லாம் அறியாமல் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கால் வைக்கவே தயக்கமாக இருந்தது. பாய் புதிது, பச்சைப் புல்லின் வாசனை அடித்தது. அவருக்குத் தெரிந்த புல் எல்லாம் மாட்டுக்குப் போடும் புல். மனுஷன் உட்காருவதற்கு இவ்வளவு மணக்கிற புல்லா என்று குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். சுவர்மாடத்தில் ஒரே ஒரு காட்டுக்கொப்பு, அதில் சிவப்புக் காய்கள். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு, கீழே ஆறு, ஆற்றோரத்தில் பாறைகளுக்கு நடுவே ஆவி. முப்பது நாற்பது வருஷம் சுவரில் பார்த்த அதே படம். ஆனால் படத்தில் ஆவி நகரவில்லை. இங்கே நகர்ந்தது.

மசூமி தேநீர் ஊற்றினாள். நைசாகப் பேச்சுக் கொடுத்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. இருந்ததையெல்லாம் செவ்வாய்க்கிழமை அனுப்பிட்டேன். இனிமே எனக்கு ஒரு வேலையும் பாக்கி இல்ல."

மசூமி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். மாட்டை அனுப்பினார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் வெளியே போனதும் மொரியோ குளிப்பதற்காகப் பருத்தி அங்கியை எடுத்து விரித்தார். அவர் இப்படி ஒன்றைக் கட்டியதே இல்லை. பகலில் வேலை உடை, ராத்திரி பழைய ஸ்வெட்டர், கல்யாணத்துக்கு இரவல் கோட்டு. எந்தப் பக்கம் மேலே என்று ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு கை தானாகச் செய்தது. இடப்பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டி வைத்து, வலப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்து, நாடாவை முடிந்தது.

செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு இடப்பக்கம் மேலே. ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கேட்டிருந்தால் மொரியோவும் சொல்லியிருப்பார். ஆனால் கை யோசித்தா செய்கிறது? அந்தக் கை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அங்கி கட்டியிருக்கிறது. வசந்தத்தில், கினுயோவுக்கு. வெள்ளை அங்கி. காரியம் நடத்த வந்தவர் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுக்க, மொரியோ கட்டிவிட்டார்.

கதவைத் திறந்த மசூமி அந்தக் கோலத்தைப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் கேலி பண்ணிக்கொண்டே மாற்றிக் கட்டிவிட்டிருப்பாள். அன்றைக்கு அவளுக்கு அது தோன்றவில்லை. கதவை மூடிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். "செத்தவங்களுக்குக் கட்டற மாதிரி கட்டிக்கிட்டு நிக்கறாரும்மா," என்று இத்சுகோவிடம் சொன்னாளாம்.

குளியலறையில் கன்ஜி ஏற்கெனவே துண்டும் கையுமாகக் காத்திருந்தார். வேலைக்காரன் விருந்தாளியோடு குளிக்கும் வழக்கம் எங்கேயும் கிடையாது. மொரியோவுக்கு எங்கே தெரியும்? நல்ல சத்திரம் என்றால் இப்படித்தான் துணைக்கு ஆள் விடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டார். கழுவினார். மறுபடி போட்டார். மாட்டு வாடை தோலுக்குள் ஊறியிருக்கிறது என்பது அவருடைய பயம். தண்ணீருக்குள் இறங்கி மற்றவர்கள் மூக்கைச் சுளிக்கும்படி ஆகிவிடக் கூடாது. தலையிலிருந்து கால்வரை மூன்றாவது தடவையும் தேய்ப்பதைப் பார்த்த கன்ஜிக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. கடைசிக் குளியல் குளிக்கிறவன் இப்படித்தானே தேய்ப்பான்.

"போதும்ங்க, தோலு உரிஞ்சிரும்," என்றார் கன்ஜி.

வெளித்தொட்டி ஆற்றை ஒட்டி இருந்தது. வெறும் உடம்போடு பனியில் நாலு எட்டு ஓடி, பாறையைப் பிடித்துக்கொண்டு மொரியோ இறங்கினார். சூடு காலைக் கடித்தது, இடுப்பைப் பிடித்தது, அப்புறம் விட்டது. கழுத்துவரை அமிழ்ந்தபோது வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவருடையதுதானா என்று அவரே திரும்பிப் பார்த்தார். வானம் முழுக்கப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தொடும் முன்பே ஒவ்வொன்றும் காணாமல் போயிற்று. தலைமயிரில் விழுந்தது மட்டும் நின்றது. கீழே ஆறு கறுப்பாக ஓடியது, கரையில் மரங்கள் வெள்ளை சுமந்து நின்றன. இந்தத் தண்ணீரை யாரும் காய்ச்சவில்லை. இந்த மலை யாருக்காகவும் காத்திராமல், அவர் கன்று இழுத்த ராத்திரிகளிலும் பால் கறந்த காலைகளிலும் இதைப் பொங்கவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. முழங்கால் வலி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இதுக்கப்புறம் செத்தாக்கூடப் பரவாயில்ல," என்றார்.

சந்தோஷத்தில் எல்லோரும் சொல்கிற பேச்சு. கன்ஜி எட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கரையேறும் வரை விடவில்லை. பாறை வழுக்கும் என்று சாக்குச் சொன்னார்.

சாப்பாட்டுக்கு இரண்டு தட்டங்கள் வந்தன, சொன்னபடி இரண்டு பேருக்கு. மொரியோ பையிலிருந்து கினுயோவின் போட்டோவை எடுத்து எதிர்த் தட்டத்துக்கு முன்னால் நிறுத்தினார். ஆற்று மீன் உப்பில் சுட்டது, மலைக் காளான், நண்டு. நண்டு ஓட்டைச் சமையலறையிலேயே உடைத்து, சதையைப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். ஓட்டை வெட்டக் கொடுக்கும் கத்தரிக்கோல் எதற்கு அவர் கையில் என்று இத்சுகோவின் ஏற்பாடு. அலமாரியில் இருந்த இன்னோர் அங்கியின் நாடாவையும் மசூமி சத்தமில்லாமல் எடுத்துப் போய்விட்டாள். மொரியோ கண்ணுக்கு இதெல்லாம் உபசாரமாகவே பட்டது. நண்டைக்கூட உரித்துத் தருகிறார்களே என்று நெகிழ்ந்துபோனார்.

மசூமி எழுந்து போகவே இல்லை. சாக்கே மது ஊற்றினாள், சாதம் போட்டாள், கதவோரம் உட்கார்ந்தாள். நடுவில் இத்சுகோ வந்து ஒரு நாழிகை ஊர்க்கதை பேசினாள். அவர்கள் பார்த்தபோதெல்லாம் மொரியோ நிமிர்ந்து உட்கார்ந்து நன்றி சொன்னார். போட்டோவைப் பார்த்து மெதுவாக, "பாத்தியா, எப்படிக் கவனிக்கிறாங்கன்னு," என்றார். மசூமிக்கு அழுகை முட்டிற்று.

மெத்தை விரித்த பிறகு அவள் போகும்போது மொரியோ சொன்னார்.

"ஏம்மா, நீங்க எல்லா விருந்தாளிக்கும் இப்படியா காவல் இருப்பீங்க? கன்னு போடப்போற மாட்டுக்கு நாங்க இப்படித்தான் கூடவே உக்காந்திருப்போம்."

நல்லாத் தூங்குங்க என்று மட்டும் மசூமி சொல்லிவிட்டு வெளியேறினாள். கூடத்தில் கணப்புக்குப் பக்கத்தில் கன்ஜியை உட்கார வைத்தார்கள். பிறகு முறை மாற்றி மசூமி, பிறகு இத்சுகோ, மறுபடி கன்ஜி. மூன்று பேரும் வயதானவர்கள், மூன்று பேருக்கும் காலையில் வேலை இருந்தது.

விடியுமுன் மொரியோவுக்கு விழிப்பு வந்தது. மெத்தை கதகதப்பாக இருந்தது. எங்கேயும் ஒரு மாடு கத்தவில்லை. அந்த நிசப்தம் மறுபடி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இங்கேயும் வந்துவிட்டாயா என்று நினைத்தார். இன்றைக்கு எழுந்து என்ன செய்ய? நாளைக்கு? கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். படுத்தே கிடக்கவும் உடம்பு சம்மதிக்கவில்லை. பஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கூடத்தில் கன்ஜி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பாவம், நாள் முழுக்க உழைக்கிறவர், எழுப்ப வேண்டாம் என்று மொரியோ பூனை மாதிரி கடந்து போனார். வாசல்கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான், சத்தமில்லாமல் நீக்கிக்கொண்டார்.

கன்ஜி கண் விழித்தபோது கதவு ஒருக்களித்துக் கிடந்தது. அறையில் மெத்தை காலி. அவர் போட்ட சத்தத்தில் மசூமி தூங்கிய உடையோடு ஓடிவந்தாள், இத்சுகோ விளக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேருக்கும் தோன்றியது ஒரே இடம். ஆறு.

வாசலுக்கு வெளியே வந்ததும் மசூமி நின்றாள். ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி முழங்காலளவு இருக்க வேண்டிய இடத்தில் தரை தெரிந்தது. படியிலிருந்து வெளிக்கதவு வரை, வெளிக்கதவிலிருந்து திரும்பி ஆற்றுத் தொட்டிக்குப் போகும் பாதை முழுக்க, யாரோ அள்ளித் தள்ளி இரண்டு பக்கமும் அணை கட்டியதுபோல் அடுக்கியிருந்தார்கள். அந்தப் பாதையில் அவள் ஓடினாள். கோடியில், ஆற்றங்கரையில், தலையிலிருந்து ஆவி பறக்க மொரியோ வாசலில் சாத்தியிருந்த பனி தள்ளும் பலகையை வீசிக்கொண்டிருந்தார். கோட்டின் முன்பக்கம் திறந்து கிடந்தது. அங்கி இன்னும் அதே பிணக் கோலத்தில்.

மசூமி பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவர் கோட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். விருந்தாளி என்ற மரியாதையெல்லாம் எங்கேயோ போயிற்று.

"என்ன மனுஷன் நீங்க? ராத்திரி பூரா மூணு பேரு தூங்காம உக்காந்திருக்கோம், இவரு பனி அள்ளிக்கிட்டு நிக்கறாரு. செத்துக் கித்துப் போயிருந்தீங்கன்னா நாங்க என்ன பண்ணுவோம்?"

மொரியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மன்னிச்சுக்கம்மா. உங்க வேலைய எடுத்துக்கணும்னு இல்ல. இந்நேரத்துக்குக் கறவை. படுக்க முடியல," என்றார். பிறகு அவள் சொன்னது மெல்ல உள்ளே இறங்கியது. "செத்தா? எதுக்கு?"

மசூமி அவர் மார்பைக் காட்டினாள். மொரியோ குனிந்து பார்த்தார். வலப்பக்கம் மேலே.

"எனக்கு இது ஒண்ணுதான் கட்டத் தெரியும்," என்றார். "அவளுக்குக் கட்டுனதுதான்."

பின்னால் வந்து சேர்ந்த இத்சுகோ விளக்கைத் தாழ்த்திக்கொண்டாள். கன்ஜி எங்கோ பார்த்தார். மசூமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் நாடாவை அவிழ்த்தாள். உள்சட்டை போட்டிருந்ததால் வெட்கத்துக்கு ஒன்றும் இல்லை. வலப்பக்கத்தை உள்ளே வைத்தாள், இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்தாள். முடிவதற்கு முன் நிறுத்தி, மறுபடி பிரித்தாள்.

"நீங்களே கட்டுங்க."

அவர் கட்டினார். விறைத்த விரல்களுக்கு நேரம் பிடித்தது. கட்டி முடித்ததும், ராத்திரி பூராவுமா என்று கேட்டார். ஆமாம் என்றார் கன்ஜி. மாற்றி மாற்றி. குளிக்கும்போதும் அதற்காகத்தானா? அதற்காகத்தான். நண்டு? நண்டும்தான். மொரியோ தான் அடுக்கிய பனிச்சுவரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மலையையும் ஆவியையும் பார்த்தபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. பெயர் தெரியாத மூன்று பேர், முந்தின நாள் வரை கண்ணால் பார்த்திராத ஒருவனுக்காக, கன்று போடும் மாட்டுக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய விஷயம் உலகத்தில் நடக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

விடிந்த பிறகு இன்னொரு முறை குளிக்கப் போனார். இந்த முறை யாரும் கூடப் போகவில்லை. மசூமி சாப்பாட்டுத் தட்டத்தை வைத்துவிட்டு உடனே எழுந்து போனாள். அவள் போன வேகத்தைப் பார்த்து மொரியோவுக்குச் சிரிப்பு வந்தது. சோயா விழுதில் வைத்த மிசோ சூப் முந்தின ராத்திரியைவிட ருசியாக இருந்தது.

பஸ் வரும் நேரத்தில் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். மிசுகிசோவில் விருந்தாளி கண்ணுக்கு மறையும் வரை கையசைப்பது வழக்கம். மொரியோ ஏறாமல் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அடுத்த வருஷமும் இதே நாளுக்கு அறை வேணும்ங்க," என்றார்.

இத்சுகோ குனிந்தாள். பிறகு எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை, கேட்காமல் இருக்க முடியாமல், கேட்டாள்.

"எத்தனை பேருங்க?"

மொரியோ வாயைத் திறந்தார். பழைய எண் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார்.

"ஒரு ஆள்," என்றார். "வாசக்கதவ மட்டும் பூட்டாதீங்க. விடியறதுக்கு முன்னாடி பனி அள்ளணும்."